'கெட்' பொத்தானும் 'யாரிடமிருந்து?' என்ற கேள்வியும்

புடாபெஸ்ட்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கண்ணா,

நேற்றிரவு நீ அனுப்பிய குறுஞ்செய்தி ஒரே வரியில் இருந்தது: "அம்மா, ஒரு செயலியின் பொத்தானில் 'கெட்' என்று இருக்கிறது, அதற்கு ஹங்கேரிய மொழியில் என்ன போடுவது?" நானும் ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் இந்த ஆங்கிலச் சொல்லோடு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவள் நான். டப்ளினில் நீ சேர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பு வேலையிலோ அது வாரத்துக்கு நாலு முறையாவது உன் எதிரே வந்து நிற்கும். ஆகவே உட்கார்ந்து கடிதமாகவே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஹங்கேரியச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஒலி அங்கங்கே கோணிக்கொள்ளும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு அது ஒரு பொருட்டாக இராது.

ஓர்சாக் லாஸ்லோ தொகுத்து 1960இல் வெளிவந்த பெரிய ஆங்கில–ஹங்கேரிய அகராதி நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருப்பது உனக்கு நினைவிருக்கும். சிறு வயதில் அதன் மேல் ஏறி நின்று பிஸ்கட் டப்பாவை எடுத்திருக்கிறாய். அதில் இந்தச் சொல்லுக்கு ஒதுக்கியிருக்கும் பத்திகளைக் கண்டு முதன்முதலில் மலைத்துப்போனேன். வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த பழைய நார்ஸ் மொழிச் சொல் அது. 'மறத்தல்' என்று பொருள்படும் 'ஃபர்கெட்' என்பதிலும் அதே வேர்தான் ஒளிந்திருக்கிறது. இத்தனை பொருள்களைச் சுமக்கும் சொல்லுக்குத் தனக்கென்று ஒரு பொருளும் இல்லை என்பதை அகராதியைப் பார்த்து நான் கற்கவில்லை, அடி வாங்கித்தான் கற்றேன்.

நான் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. ஒரு தொழிற்சாலை உலர்த்தி இயந்திரத்தின் கையேடு என்னிடம் வந்தது. புகை கிளம்பினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு 'கெட் ஹெல்ப்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. 'கெட்' என்றால் 'கப்' என்று பள்ளிப் பிள்ளைபோல மனப்பாடம் செய்து வைத்திருந்த நான், சற்றும் தயங்காமல் 'கப்யொன் ஷெகீச்சேகெத்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்க்கும் அம்மையார் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். மறுநாள் தாள் திரும்பி வந்தபோது அந்த வரியின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: 'கிதோல்?' அதாவது, 'யாரிடமிருந்து?'

தமிழில் சொல்லிப் பார், எவ்வளவு பெரிய பிசகு என்று விளங்கும். 'புகை வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உதவியைப் பெற்றுக்கொள்ளவும்' என்று ஒரு கையேட்டில் இருந்தால், உதவியைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டு பக்கத்தில் எவரோ நிற்கிறார் என்றல்லவா தோன்றும்? 'கப்' என்பது கையில் வந்து விழுவதைப் பெறுவது. மறுமுனையில் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கையேட்டுக்கு வேண்டியிருந்தது 'ஹீவ்யொன்', உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள் என்பது. அந்த அம்மையார் அதையும் எழுதித் தரவில்லை. கேள்வியை மட்டும் எழுதிவிட்டு, விடையை நானே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு 'கெட்' வரும் வரி எதைக் கண்டாலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

உனக்கு இது என் அளவுக்குக் கடினமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் நீ வீட்டில் பேசிய மொழி இந்த வேறுபாட்டை முன்பே உனக்குப் பழக்கியிருக்கிறது. 'கிடைத்தது' என்று எங்கே சொல்கிறோம், 'வாங்கினேன்' என்று எங்கே சொல்கிறோம், 'தேடிப் பிடித்தேன்' என்று எங்கே சொல்கிறோம் என்பதை எவரும் உனக்குப் பாடமாக நடத்தவில்லை. கடையில் காசு கொடுத்து எடுத்தால் 'வெஸ்'. அலைந்து திரிந்து, ஆளைப் பிடித்து, கடைசி நேரத்தில் ஓப்பரா அரங்குக்கு இரண்டு டிக்கெட் தேற்றினால் 'ஸெரெஸ்'. அடுத்த அறையிலிருந்து கண்ணாடியை எடுத்து வரச் சொன்னால் 'ஹொஸ்'. இங்கே கடை வாசலில் 'கப்ஹதோ' என்று எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அது நம் ஊரில் 'இங்கே நல்லெண்ணெய் கிடைக்கும்' என்று எழுதி வைத்திருக்கும் பலகையேதான். கால்பந்தில் தோற்றுப்போனதற்கும், வீட்டில் திட்டு வாங்கியதற்கும் 'கிகப்' என்ற ஒரே வினையைச் சொல்வார்கள். 'நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்று உன் பாட்டி சொல்வதை இதைவிட நெருங்கி மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை. கொடுப்பவர் இல்லாத இடத்திலும் 'கப்' வருவதுண்டு. மாரடைப்பையும் காய்ச்சலையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே அந்தச் சிவப்புப் பென்சில் கேள்வி எல்லாப் பூட்டையும் திறந்துவிடாது, ஆனால் கை முதலில் போக வேண்டிய சாவி அதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எவரோ எழுதிய ஒரு கடிதம் வந்தால் 'கப்தம்'. எதிர்பார்த்திருந்த உன் கடிதம் வந்தால் 'மெக்கப்தம்'. முன்னால் ஒட்டிய அந்த 'மெக்' என்ற சிறு துண்டு, வர வேண்டியது வந்து சேர்ந்தது, காரியம் முடிந்தது என்பதைக் காட்டுகிறது. 'ஒரு கடிதம் வந்தது' என்பதற்கும் 'உன் கடிதம் கிடைத்தது' என்பதற்கும் இடையே நாம் உணரும் அதே இடைவெளிதான். ஆங்கிலத்தில் இரண்டும் 'கெட்'டின் இறந்தகாலமான 'காட்' என்றே இருக்கும். பெயர்ச்சொல்லின் முன்னால் நிற்கும் சிறு சொல்லை வைத்துத்தான் நீ இதைக் கண்டுகொள்ள வேண்டும்.

நான் இம்மொழியின் அசைவு வினைகளைக் கற்றது வகுப்பறையில் அன்று, பெருவட்டச் சாலையில் ஓடும் 4, 6 எண் டிராம்களில். டிராமில் ஏறுவது 'ஃபெல்ஸால்', இறங்குவது 'லெஸால்'. 'ஸால்' என்றால் பறப்பது என்றும் பொருள் இருப்பதால், தினமும் காலையில் மேலே பறந்து ஏறி, கீழே பறந்து இறங்குவதாக எண்ணிச் சிரித்துக்கொள்வேன். அதே செயலைக் காரில் செய்தால் வினையின் முன்னொட்டும் மாறிவிடுகிறது, பெயரின் வேற்றுமை உருபும் மாறிவிடுகிறது: காருக்கு 'உள்ளே' நுழைந்து 'வெளியே' வர வேண்டும், டிராமுக்கோ 'மேலே' ஏறிக் 'கீழே' இறங்க வேண்டும். நாம் இரண்டிலும் ஏறித்தான் இறங்குகிறோம், 'இல்' என்ற ஒரே உருபு இரண்டுக்கும் போதும். ஆக, இந்த இடத்தில் தமிழை நம்பினால் வழுக்கி விழுவாய். வண்டி எது என்று தெரியாமல் 'கெட் ஆன்' என்பதைத் தொடாதே.

நிலை மாறுவதைச் சொல்லும் 'கெட்'டுக்குப் பெரும்பாலும் தனிச்சொல்லே வேண்டியதில்லை. நோய்வாய்ப்படுவது, குணமாவது, வயதாவது, களைத்துப்போவது, வழி தவறுவது என ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. சளி பிடித்தால் 'மெக்ஃபாஸிக்'. குடித்து வெறி ஏறினால் 'பெரூக்', அதாவது நேர்ப்பொருளில் 'உள்ளே உதைக்கிறான்'. வேலையை விட்டு நீக்கினால் 'கிரூக்தாக்', 'வெளியே உதைத்தார்கள்'. இரண்டும் ஒரே வாரத்தில் ஒருவருக்கே நேர்வதும் உண்டு.

திருமணம்தான் வேடிக்கை. 'என் நண்பர் ஒருவருக்குக் கல்யாணம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், நண்பர் ஆணா பெண்ணா என்று அங்கே தெரியாது. ஹங்கேரிய மொழியில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது. இருவருக்கும் 'ஓ' என்ற ஒரே சொல்தான். அப்படியிருந்தும் கல்யாணம் என்று வந்துவிட்டால், பெண் 'கணவனிடம் போகிறாள்', ஆணோ 'பெண்' என்ற சொல்லிலிருந்து பிறந்த வேறொரு வினையால் மணம் முடிக்கிறான். இருவருக்கும் பொதுவான வினையும் இருக்கிறது, ஆனால் சாதாரணப் பேச்சில் வாய்க்கு முதலில் வருவது இவைதான். சுட்டுப்பெயரில் பால் பார்க்காத மொழி கல்யாணத்தில் மட்டும் பார்க்கிறது என்பதை நினைத்தால், மொழிக்கும் அதைப் பேசும் வீடுகளுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி உன் அப்பாவோடு ஓர் இரவு முழுவதும் வாதிடலாம். வாதிட்டும் இருக்கிறேன்.

'என் சைக்கிள் காட் ஸ்டோலன்' போன்ற வாக்கியங்களில் உனக்குத் தடுமாற்றமே வேண்டாம். 'எல்லொப்தாக்', 'திருடிவிட்டார்கள்'. யார் என்று தெரியாவிட்டாலும் பன்மையில் ஒரு வினையைப் போட்டு முடிப்பதில் ஹங்கேரியரும் நாமும் ஒரே சாதி. பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்விக்கும் இடங்களும் அப்படித்தான்: தைப்பது 'வர்', தைக்கக் கொடுப்பது 'வர்ரத்'. வினையின் வாலில் ஓர் அசை சேர்ந்தால் வேலை தையற்காரரிடம் போய்விடுகிறது. 'நட' என்பதை 'நடத்து' ஆக்குகிற நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி உன் பொத்தானுக்கு வருகிறேன். எக்செல் கட்டத்தில் 'கெட்' என்று தனியாக ஒரு சொல்லை எழுதி, செயலித் திரையின் படம் எதுவும் வைக்காமல் உனக்கு அனுப்பியவர் மேல்தான் எனக்குக் கோபம். உன் மேல் இல்லை. அந்தச் செயலியின் படத்தைக் கேட்டு வாங்கு. பொத்தானை அழுத்தியதும் ஏதாவது இறங்கினால் 'லெதோல்தேஷ்', பதிவிறக்கம். வழியைக் காட்டினால் வழித் திட்டமிடலைக் குறிக்கும் நீண்ட பெயர்ச்சொல். தொடங்குவதானால் 'கெஸ்தேஷ்'. இங்கே பொத்தான்களில் வினையை ஏவலாக எழுதாமல் பெயர்ச்சொல்லாகவே எழுதுவது வழக்கம் என்பதை நீ கவனித்திருப்பாய். 'நீ' என்று அழைப்பதா, 'நீங்கள்' என்று அழைப்பதா என்ற தலைவலியும் அதோடு தீர்ந்துவிடுகிறது. விதிவிலக்கு 'மேக்ஷே'. 'கேன்சல்' என்ற வறண்ட சொல்லுக்கு 'வேண்டாம், போகட்டும்' என்று ஒரு மனிதர் சொல்வதுபோல எழுதியிருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஒருவேளை அந்தப் பொத்தான் இலவசப் பரிசோ தள்ளுபடிச் சீட்டோ தருவதாக இருந்தால், 'கப்' பக்கம் போகாதே. 'கேரெம்' என்று போடு. நீ காப்பிக் கடையில் 'கேன் ஐ கெட் எ காஃபி' என்று டப்ளினில் கேட்பதை, இங்கே 'கேரெக் எஜ் காவேத்', 'ஒரு காப்பி கேட்கிறேன்' என்றுதானே சொல்வாய்? அதே வினைதான். ஆங்கிலத்தில் பொத்தான் உன்னிடம் 'பெற்றுக்கொள்' என்கிறது. ஹங்கேரிய மொழியில் நீ பொத்தானிடம் 'எனக்குக் கொடு' என்கிறாய். பேசுபவரே மாறிவிடுகிறார், ஆனாலும் பொருள் சரியாகப் போய்ச் சேருகிறது. 'யாரிடமிருந்து?' என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது, கடைக்காரரிடமிருந்து.

உன் பட்டியலில் நீ கேட்காமல் விட்ட இரண்டு வரிகளும் எனக்குச் சந்தேகமாக இருக்கின்றன. படங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். நேற்றுத் தொலைபேசியில் உன் குரல் அடைத்திருந்தது. மிளகு ரசம் வைத்துக் குடி. 'கெட் வெல் சூன்' என்பதற்கு இங்கே சொல்லும் ஒற்றைச் சொல்லில், விரும்புகிறேன் என்ற வினையைக்கூட விழுங்கிவிட்டு, 'மேலாவதை' என்று இரண்டாம் வேற்றுமையில் நிறுத்திவிடுகிறார்கள்.

யொப்புலாஷ்த்!

அன்புடன்,
அம்மா