2019இன் பிரித்தானிய ரெஸ்லிங்: கூட்டத்தை எண்ணி வரிசை போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் 2019ஆம் ஆண்டின் சிறந்த பிரித்தானிய ரெஸ்லிங் போட்டிகள் என்று ஐந்தைத் தெரிவு செய்திருந்தீர்கள். கிரிக்கெட் நிரம்பிய பக்கத்தில் இதற்கும் இடம் ஒதுக்கியது நல்ல விஷயம். மலையகத்தில் ரெஸ்லிங் பார்க்காத லயம் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். ஆனால் வந்த பட்டியல் சரியில்லை. அரங்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்தே வரிசை போட்டதுபோல் இருக்கிறது. கொழுந்தை நிறுத்து கிலோ சொல்லலாம். தேத்தண்ணி எப்படியிருக்கும் என்று தராசு சொல்லாது.

பெரிய பிழை வேல்ஸின் கார்டிஃப்பில் வோல்ட்டரும் டைலர் பேட்டும் மோதிய போட்டியைப் பற்றியது. அதற்கு ஐந்தாம் இடம், கூடவே ஒற்றை வரி: "வோல்ட்டர் இலகுவாக வென்றார்." நாற்பது நிமிடங்களைத் தாண்டிய போட்டி ஐயா அது. எழுதியவர் முடிவை மட்டும் எங்கேயோ பார்த்திருக்கிறார், போட்டியைப் பார்க்கவில்லை.

முதலில், எது பிரித்தானியப் போட்டி? உங்கள் பட்டியலின் முதலிடம் 2019 ஜூன் 5 அன்று தோக்கியோவின் ரியோகோகு அரங்கில் வில் ஒஸ்ப்ரேயும் ஷிங்கோ தகாகியும் மோதிய ஜூனியர் (எடை குறைந்த பிரிவு) தொடரின் இறுதிப் போட்டிக்கு. அருமையான போட்டிதான், மறுப்பில்லை. ஒஸ்ப்ரே எசெக்ஸ் பையன். ஆனால் தொடர் ஜப்பானுடையது, அரங்கு ஜப்பானுடையது, ஓட்டமும் வேகமும் ஜப்பானுடையவை. அதேபோல ஆகஸ்ட் 31 அன்று லண்டன் கொப்பர் பொக்ஸ் அரங்கில் ஒக்காடாவும் 51 வயது மினோரு சுஸுக்கியும் மோதியது லண்டனில் நடந்த ஜப்பானியப் போட்டி. இடம், ஆள், ஆடும் முறை இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பிரித்தானியாவுடையவையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். இதில் சண்டைக்கு இடமுண்டு, தெரியும். ஆனால் அளவுகோலே இல்லாமல் பட்டியல் போட்டால் அது வெறும் பெயர் வரிசைதான்.

அதே ஆகஸ்ட் 31 இரவுதான் கார்டிஃப்பில் அமெரிக்க டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவான என்.எக்ஸ்.டி. யூ.கே.யின் நிகழ்ச்சியும் நடந்தது. நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிய நேரம். ஐக்கிய இராச்சியப் பட்டத்துக்காக ஒஸ்ட்ரியாக்காரர் வோல்ட்டரும் டட்லி நகரத்து டைலர் பேட்டும் மோதினார்கள். வோல்ட்டர் ஆறடி நான்கு அங்குலம், முந்நூறு இறாத்தலை ஒட்டிய எடை. பேட் ஐந்தடி ஏழு, எடை அதில் பாதியைவிடச் சற்று அதிகம், வயது 22. இந்த வித்தியாசத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் போட்டியின் தரம் இருக்கிறது. சின்னவர் முதல் நிமிடத்திலேயே பெரியவரைத் தூக்கிப் போட்டுவிட்டால் அந்த எடைக்கு மதிப்பில்லை. கடைசிவரை தூக்கவே இல்லையென்றால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை செத்துவிடும். ஆகவே பிடிகளில் தொடங்கினார்கள். கையைப் பூட்டுவது, பூட்டிலிருந்து உருண்டு வெளியேறுவது, திரும்பவும் பூட்டுக்குள் இழுபடுவது. பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் சனலை மாற்றுவார்கள். நாற்பது நிமிடம் தாங்க வேண்டிய இருவருக்கும் மூச்சு வாங்க இடம் கொடுப்பது இந்தப் பிடிகளே. தலை கக்கத்தில் இறுகியிருக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்வதும் இங்கேதான் நடக்கும். கமெராவுக்கு வாய் தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு வோல்ட்டரின் சொப். விரித்த உள்ளங்கையால் மேல் நெஞ்சில், கழுத்தெலும்புக்குக் கீழே விழ வேண்டிய அடி. ஓரங்குலம் ஏறினால் தொண்டை. விரல் பிரிந்திருந்தால் அடிப்பவர் விரலே சுளுக்கும். இதில் பாவனை குறைவு; கை உண்மையாகவே நெஞ்சில் விழுகிறது, அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை போகிறது. பேட்டின் நெஞ்சு சிவந்து தடித்ததற்கு ஒப்பனை காரணமில்லை. இவ்வளவையும் வாங்கிய பிறகு அவர் வோல்ட்டரைத் தோளில் குறுக்காகத் தூக்கிச் சுற்றியபோதுதான் கார்டிஃப் எழுந்து நின்றது. எடையைத் தோளில் வாங்குவது முதுகால் அல்ல, காலால். முழங்கால் மடிந்து நேராக எழும்ப வேண்டும். இடுப்பை வளைத்துத் தூக்கினால் அன்றோடு முதுகு போய்விடும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் எங்களுக்குக் குறை உண்டு. தோள் இரண்டும் தரையில் கிடக்க ரெஃப்ரி மூன்று எண்ணினால் தோல்வி. அவர் இரண்டு எண்ணி மூன்றாவதற்குக் கை விழுமுன் தோளை உயர்த்துவது ஒருமுறை, இருமுறை நடந்தால் நெஞ்சு படபடக்கும். அதற்கு மேல் போனால் அடுத்ததுக்கும் எழும்புவார் என்று கூட்டம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். கார்டிஃப்பில் அது ஒன்றிரண்டு கூடிப்போனது. இருந்தும் எங்களுக்கு அந்த ஆண்டின் முதல் போட்டி இதுதான். அமெரிக்க விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரத்தையும் தாண்டிக் கொடுத்தார் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் நட்சத்திரம் கொடுக்காத நல்ல போட்டிகளும் இருக்கின்றன, அள்ளிக் கொடுத்த சுமாரான போட்டிகளும் இருக்கின்றன.

உங்கள் பட்டியலில் வராதது ஜனவரி 12 அன்று பிளாக்பூல் எம்பரஸ் மண்டபத்தில் நடந்த இரட்டையர் போட்டி. ஸக் கிப்சனும் ஜேம்ஸ் டிரேக்கும் ஒரு பக்கம், டைலர் பேட்டும் ட்ரென்ட் செவனும் மறுபக்கம். என்.எக்ஸ்.டி. யூ.கே. இரட்டையர் பட்டத்தை முதன்முதலாக யார் எடுப்பது என்ற போட்டி. கிப்சனும் டிரேக்கும் எடுத்தார்கள். கிப்சன் லிவர்பூல்காரர், தோளை முறுக்கிப் பணிய வைக்கும் அவருடைய பிடிக்கு அன்ஃபீல்ட் மைதானத்து ஷங்க்லி வாசலின் பெயர். அவர் மைக்கைப் பிடித்தால் போதும், பிரித்தானியக் கூட்டம் சப்பாத்தைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும். கிப்சனைப் பிடிக்காதவர்கள் சப்பாத்தைக் கழற்றுங்கள் என்பது அங்கே பாட்டாகவே இருக்கிறது. வெறுப்பை இவ்வளவு சந்தோஷமாகக் காட்டும் கூட்டம் வேறெங்கும் இல்லை.

இரட்டையர் போட்டியைப் பார்க்கும்போது ரிங்குக்குள் இருப்பவரைவிட வெளியே மூலையில் நிற்பவரைக் கவனியுங்கள். எதிரணி ஒருவரைத் தங்கள் மூலையில் மடக்கி, கைதொட்டு ஆள் மாற முடியாதபடி கூட்டாளியின் கைக்கு எட்டாமல் வைத்திருப்பதுதான் இதன் முதுகெலும்பு. வெளியே நிற்பவர் கயிற்றில் சாய்ந்து சும்மா வேடிக்கை பார்த்தால் போட்டி படுத்துவிடும். கை நீட்ட வேண்டும், கத்த வேண்டும், கோபத்தில் உள்ளே நுழைய வேண்டும். அவரைத் தடுக்க ரெஃப்ரி திரும்பும் அந்த நொடியில் பின்னால் இருவர் சேர்ந்து ஒருவரை உதைக்க வேண்டும். நால்வரும் ஒரு நொடி பிசகாமல் இதைச் செய்தார்கள்.

ஏப்ரல் 5 அன்று புரூக்ளினில் ஐக்கிய இராச்சியப் பட்டத்தில் பீட் டன்னின் 685 நாள் ஆட்சியை வோல்ட்டர் முடித்த போட்டியை நீங்கள் சேர்த்தது சரி. இடம் அமெரிக்கா என்றாலும் டன்னும் அவர் ஆடும் முறையும் பிரித்தானியா. எதிராளியின் விரல்களைப் பிரித்து வளைப்பது பர்மிங்ஹாம்காரரான டன்னின் வழக்கம். சொப் அடிக்கும் ஒருவரை வெல்ல அந்தக் கையையே முதலில் கெடுக்க வேண்டும் என்ற யோசனை அதில் இருக்கிறது.

கொப்பர் பொக்ஸில் ஒக்காடா போட்டியைச் சேர்த்துவிட்டு, அதே மேடையில் ஸக் சேபர் ஜூனியரும் ஹிரோஷி டனஹாஷியும் பிரித்தானிய ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதியதை விட்டுவிட்டீர்களே, அது ஏன் என்று விளங்கவில்லை. சேபர் கென்ட் மாவட்டத்து ஷெப்பி தீவுக்காரர். அடி குறைவு, பூட்டு அதிகம். ஒரு பிடியிலிருந்து அடுத்ததுக்கு மூட்டுவழியாகவே நகர்வார். பழைய பிரித்தானிய முறையை இன்று பார்க்க வேண்டுமென்றால் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய முறையைப் பற்றி நாலு வரி போட்டிருந்தால் வாசகர்களுக்கு உதவியிருக்கும். 1947இல் மவுண்டெவன்ஸ் பிரபுவின் பெயரால் வந்த விதிகள் அவை. வழக்கமாக ஐந்து நிமிடச் சுற்றுகள் ஆறு. மூன்றில் இரண்டு வீழ்த்தல் எடுத்தவர் வெற்றி. பத்து எண்ணும்வரை எழும்பாவிட்டால் நொக்கவுட். இரண்டு பகிரங்க எச்சரிக்கை, மூன்றாவதில் வெளியேற்றம். விழுந்து கிடப்பவரைத் தொடர்ந்து போட்டு அடிக்க முடியாது. அடிக்கு இடம் குறைந்ததால் பிடியும் பிடியிலிருந்து தப்பும் வித்தையும் வளர்ந்தன. பிரித்தானியத் தொலைக்காட்சியான ஐ.ரி.வி. 1955இலிருந்து 1988வரை ரெஸ்லிங் காட்டியது, சனிக்கிழமை பின்னேரம் அங்கே பல வீடுகளில் அதுதான் ஓடியது. அந்தக் காலத்து வித்தகர் ஜொனி செயின்ட்டைத்தான் என்.எக்ஸ்.டி. யூ.கே. தன் பொது முகாமையாளராகத் திரையில் நிறுத்தியது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்படுவது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாமே பொய் என்று உங்கள் கட்டுரையின் கடைசிப் பந்தி சிரித்ததுதான் எங்களை எழுத வைத்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிப் பாடசாலை மைதானத்திலும் லயத்து வாசலிலும் ஒருவரையொருவர் தூக்கிப் போடுகிறார்கள். ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதற்கு மேல் பலகை, மேலே மெல்லிய ஃபோம், அதை இழுத்து மூடிய கன்வஸ். பலகை சற்று வளைந்து அடியின் ஒரு பங்கை வாங்கும். சிமெந்து வளையாது. அந்தப் பலகையில் விழுவதற்கே மாதக்கணக்கில் பழகுகிறார்கள்: நாடி நெஞ்சில் ஒட்ட வேண்டும், மேல் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், இரு கையும் உடம்பிலிருந்து சாய்வாக விரிந்து உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். நாடி நிமிர்ந்தால் பின்மண்டை அடிபடும். பயத்தில் ஒரு கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும்.

டைலர் பேட் பெயரிலுள்ள டைலர் டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். குனிந்திருக்கும் எதிராளியின் இரண்டு கையையும் பின்பக்கமாகக் கோர்த்துத் தூக்கி, சுழற்றி, தானும் உட்கார்ந்தபடி அவரை இறக்குவது. கை இரண்டும் பூட்டப்பட்டிருப்பதால் விழுபவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. தூக்குபவர் உட்காரும் இடமும் சுழற்சி முடியும் நேரமும்தான் அவருடைய கழுத்தைக் காப்பாற்றுகின்றன. சுழற்சி பாதியில் நின்றால் முழு எடையும் கழுத்தில் இறங்கும். யூடியூப்பில் மூன்று தரம் பார்த்துவிட்டுச் செய்யக்கூடியதல்ல இது. பழகியவர்களுக்கே விலை அதிகம்: லங்காஷயரின் டைனமைட் கிட் 2018இல் தமது 60ஆவது பிறந்த நாளில் இறந்தார், அதற்கு முன் பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில். பயிற்சிக் கூடங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழுவொன்றே 2021இல் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

எங்கள் வரிசை இது: கார்டிஃப், பிளாக்பூல் இரட்டையர், புரூக்ளின், சேபர்–டனஹாஷி. ஐந்தாவதாக, கார்டிஃப் நகரத்து மார்க் அண்ட்ரூஸும் அவருடைய வேல்ஸ் கூட்டாளி ஃபிளாஷ் மோர்கன் வெப்ஸ்டரும் அதே ஆகஸ்ட் 31 இரவு சொந்த மண்ணில் இரட்டையர் பட்டம் எடுத்த மூன்று அணிப் போட்டி. அதில் நுணுக்கம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பட்டம் கைமாறியபோது எழுந்த சத்தத்துக்காகச் சேர்க்கிறோம். ஒஸ்ப்ரே போட்டியை ஜப்பான் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள், அங்கே அது தாராளமாக முதலிடத்தில் இருக்கலாம். அடுத்த பட்டியல் போடும்போது ஒவ்வொரு போட்டிக்கும் திகதி, அரங்கு, எத்தனை நிமிடம், எப்படி முடிந்தது என்ற நான்கையும் சேர்த்துப் போட்டால், தேடிப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு இலகுவாக இருக்கும். "இலகுவாக வென்றார்" என்ற வரிக்கும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ரெஸ்லிங் வாசகர்கள் சிலர்,
நோர்வூட்.