படகு சீட்டுக்கு மெத்தை ஃபோம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஹட்டனில் குஷன் வேலை செய்கிறவன். முச்சக்கர வண்டி சீட், வேன் சீட், வீட்டு சோபா என்று இருபத்திரண்டு வருடமாக இதே கத்தரிக்கோல், இதே மெஷின். நுவரெலியா கிரகரி வாவிப் படகுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டணம், கூட்டம், பாதுகாப்பு அங்கி என்று எல்லாவற்றையும் எழுதுகிறார்கள், ஆனால் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் பின்பக்கம் நனைந்து போவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெட்கமாக இருக்கும் போல. அந்த ஈரத்தை வெட்டிப் பார்க்கிற தொழில் என்னுடையது என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

போன ஓகஸ்டில் காசல்ரீ நீர்த்தேக்கம் பக்கம் படகு ஓட்டும் ஒரு தம்பி ஆறு சீட்டை இரண்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, மேல் ரெக்சின் கிழிஞ்சு போச்சு, அதை மட்டும் மாத்தித் தாங்க, உள்ளுக்கு ஃபோம் புதுசு, போட்டு எட்டு மாசந்தான்" என்றார். சரி என்று ஒன்றைத் தூக்கப் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், நாலு அங்குலத் தடிப்பு, அவ்வளவுதான் சீட். பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்தால் 18 கிலோ! அடிப் பலகையும் ரெக்சினும் ஆறு கிலோ, காய்ந்த ஃபோம் இரண்டு கிலோவுக்கு உள்ளே, மிச்சம் பத்துக் கிலோ என்னவென்று நினைக்கிறீர்கள்? வெறும் தண்ணீர். ஆறு சீட்டுக்கும் அறுபது கிலோ. டிக்கெட் எடுக்காத ஓர் ஆள் எந்நேரமும் அந்தப் படகில் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

கீழே அடித்திருந்த ஸ்டேப்பிள் துருவேறி விரல் பட்டதும் பொடியானது. தையலோரம் கத்தியை வைத்தேன், பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகி மேசையெல்லாம் ஓடியது. ஃபோமின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம், மழைக்காலத்தில் மடித்து வைத்த ஈரக் கம்பளியின் நாற்றம். இத்தனைக்கும் முதலில் வேலை செய்தவர் தண்ணீர் போகக்கூடாது என்று பொலித்தீன் வைத்துச் சுற்றித்தான் கட்டியிருந்தார். அதுதான் வினையே. ரெக்சினில் ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை, பொலித்தீனை மடித்த இடம் இன்னொரு ஓட்டை, இரண்டு வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர மாட்டாது. கொழும்பு என்றால் வெயிலில் காயவைத்து எடுக்கலாம், 6,000 அடிக்கு மேலே, ஜனவரியில் புல்லில் உறைபனி படிகிற நுவரெலியாவில், மே மாதம் பிடித்தால் மாசக்கணக்கில் மழையும் மூடுபனியுமாக இருக்கிற இந்தப் பக்கத்தில், எங்கே காயவைப்பது? எங்கள் வீட்டில் ஜீன்ஸ் காய நாலு நாள் ஆகிறது.

இனி ஃபோம் விஷயத்துக்கு வருகிறேன். மெத்தைக்கும் சோபாவுக்கும் போடுகிற சாதாரண ஃபோம் எப்படியென்றால், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்தில் எல்லாக் காம்பராக் கதவும் திறந்து கிடக்கிற மாதிரி. ஒரு காம்பராவில் தண்ணீர் புகுந்தால் கடைசிக் காம்பரா வரை போய் எல்லாவற்றிலும் தங்கிவிடும். மூடிய செல் ஃபோம், அதாவது உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் காற்றறை ஒவ்வொன்றும் மூடியிருக்கிற, உடற்பயிற்சிப் பாய்களில் பார்க்கிற ஈ.வி.ஏ., பொலிஎத்திலீன் வகைகள், ஒவ்வொரு காம்பராவும் பூட்டிய லயம். தண்ணீர் உள்ளே போகவே முடியாது, மிதக்கவும் செய்யும், ஆனால் கட்டையாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று, ரெட்டிகுலேட்டட் ஃபோம் என்பார்கள், கதவும் சுவரும் எடுத்துவிட்டுத் தூண் மட்டும் நிற்கிற லயம். மேலே ஊற்றினால் அப்படியே கீழே கொட்டிவிடும், மெத்தென்றும் இருக்கும். படகுக்கென்றே வந்தது மாதிரியான சாமான், ஆனால் விலை பல மடங்கு, கொழும்புக்குச் சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டும், நம் பக்கத்துக் கடைகளில் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சிலர் ரப்பர் ஃபோம் போடச் சொல்கிறார்கள், நம் நாட்டு ரப்பர்தானே, நல்லதுதானே என்று. கட்டிலுக்கு அதைவிட நல்லது இல்லை. படகில் அதுவும் தண்ணீரைக் குடிக்கும், குடிக்கும் முன்பே பாரம், கிழிந்த இடத்தில் வெயில் பட்டால் உதிரத் தொடங்கிவிடும். இலவம் பஞ்சு பற்றிக் கேட்ட ஒரு பெரியவரும் உண்டு. உண்மைதான், அந்தக் காலத்தில் உயிர்காப்பு அங்கிக்குள்ளேயே இலவம் பஞ்சுதான் வைத்தார்கள், அதன் இழையில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருப்பதால் மிதக்கும். ஆனால் நாள் முழுக்க ஆட்கள் ஏறி உட்கார்ந்து நசுக்கினால் அதன் கதை முடிந்தது.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக் கடினமாக இருந்தால் "ஹை டென்சிட்டி" என்று விற்கிறார்கள். அமுக்கினால் எதிர்க்கிற கடினம் வேறு, டென்சிட்டி வேறு. 32 டென்சிட்டி என்றால் ஒரு கனமீற்றர் ஃபோம் 32 கிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். ஒரு அடிக்கு ஒரு அடி, நாலு அங்குலத் தடிப்பில் ஒரு துண்டு வெட்டித் தராசில் வையுங்கள், 300 கிராம் வந்தால் அது 32. தம்பியின் சீட்டில் இருந்து அப்படி ஒரு துண்டு வெட்டி அடுப்புக்கு மேல் பரணில் ஐந்து நாள் காயவைத்து நிறுத்தேன். 160 கிராம். 32-க்குரிய காசு கொடுத்து 17 வாங்கியிருக்கிறார், பாவம். அந்த மாதிரி ஃபோம் காய்ந்திருந்தாலும் ஒரு சீசன் தாங்காது, நடுவில் குழி விழும், குழியில் மழைத் தண்ணீர் தேங்கும், தேங்கினது தையல் வழியாக இறங்கும்.

அவருக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். அலை தெறிக்கிற முன் இரண்டு சீட்டுக்கும் ரெட்டிகுலேட்டட், மூன்று அங்குலம், அடியில் பலகை முழுக்க அரை அங்குல ஓட்டைகள், ஃபோமுக்குக் கீழே வலைத் துணி. மற்ற நாலுக்கும் இரண்டு அங்குல மூடிய செல். இதற்கும் பலகையில் ஓட்டை வேண்டும், ஃபோம் குடிக்காவிட்டாலும் ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் இடையில் தண்ணீர் நிற்கும். மெத்தென்ற ஃபோமை ரெக்சினைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால்தான் சுருக்கம் விழாது, மூடிய செல்லை அளவுக்குச் சரியாக வெட்ட வேண்டும், அது அமுங்காது. நூல் பொலியெஸ்டர், ஸ்டேப்பிள் ஸ்டெயின்லஸ் ஸ்டீல். பருத்தி நூலில் தைத்தால் ரெக்சின் நன்றாக இருக்கும்போதே தையல் உக்கிப் பிரிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. சீட் ஈரமாக இருக்கிறது என்று பாதுகாப்பு அங்கியை எடுத்துக் கீழே போட்டு உட்காருகிறவர்களைப் பார்க்கிறேன், படகுக்காரரே எடுத்துக் கொடுப்பதையும் பார்த்தேன். அங்கி உடம்பில் இருக்க வேண்டியது. உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே இருக்கிற ஃபோம் நசுங்கிப் போனால் ஆளைத் தூக்காது. படகுக்கு அனுமதி கொடுக்கும்போது அங்கிகளை எண்ணுகிற அதிகாரிகள் ஒரு சீட்டையும் கையால் தூக்கிப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

ஒக்டோபர் மழைக்குப் பிறகு அந்தத் தம்பி போன் எடுத்தார். சீட் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறதாம், ஆனால் பின் சீட் பலகை மாதிரி இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரர் முறையிட்டாராம். அரை மணித்தியாலச் சவாரிக்கு சோபாவா கேட்கிறார் என்றேன், சிரித்தார், ஆனாலும் அடுத்த முறை அந்த நாலிலும் மேலே ஒரு அங்குலம் ரெட்டிகுலேட்டட் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அதுவும் நல்ல யோசனைதான்.

சீசனுக்கு முன் சீட் மாற்றப்போகிறவர்கள் ஃபோம் கடைக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போங்கள். காசு கொடுத்து ஒரு சின்னத் துண்டு வாங்கி அதன் மேல் ஊற்றுங்கள். கீழே கொட்டினால் வாங்கலாம், மேலேயே உருண்டு ஓடினாலும் வாங்கலாம், உறிஞ்சிக்கொண்டு பேசாமல் இருந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
குஷன் வேலைக்காரன் ஒருவன்,
ஹட்டன்.