'ரெஃபர்' என்று வந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளம் குழந்தைகளின் செவித்திறன் பரிசோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோதனை எப்படி நடக்கிறது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரை முடிந்த இடத்தில்தான் எங்கள் கதை ஆரம்பிக்கிறது.

என் மகள் பிறந்து இரண்டாம் நாள். தூங்கிக்கொண்டிருந்தாள். செவிலியர் ஒருவர் கையடக்கமான கருவியோடு வந்து, சின்ன ரப்பர் முனை ஒன்றை அவள் காதில் வைத்தார். அதிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி உள்ளே போகும். உள்காதின் மயிர்ச்செல்கள் நன்றாக இருந்தால் அவையே மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். 1978இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்த விஷயம் இது. அவள் காதிலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. திரையில் 'ரெஃபர்' என்று விழுந்தது. தேறவில்லை, மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம்.

"காதுல தண்ணி இருக்கும்மா. நெறைய குழந்தைங்களுக்கு இப்படித்தான் வரும்" என்றார் செவிலியர். அவர் சொன்னது பொய்யில்லை. பிறந்த புதிதில் காதுக்குழாயில் திரவம் அடைத்திருப்பது சகஜம்தான். முதல் சோதனையில் இப்படி வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் மறுசோதனையில் தேறிவிடுவார்கள். ஆனால் அந்த மறுசோதனை எப்போது, எங்கே, யாரிடம்? டிஸ்சார்ஜ் தாளில் தடுப்பூசித் தேதிகள் வரிசையாக இருந்தன. காதைப் பற்றி ஒரு வரி இல்லை. தண்ணீர் வற்றிவிடும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். கதவை அறைந்தால் திரும்பிப் பார்க்கிறாளே என்று வீட்டில் ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். அதிர்வுக்குத் திரும்பியிருக்கிறாள், பாவம்.

ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை, தலையில் ஒட்டும் மின்முனைகளால் அளப்பது பெரா (BERA) சோதனை. அதை எடுத்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது என்று ஒரு கணக்கு இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பே கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு மொழி நன்றாக வருகிறது என்று அமெரிக்காவின் கொலராடோவில் செய்த ஆய்வு வெளியானது 1998இல். நாங்கள் எட்டு மாதம் பிந்திவிட்டோம். சோதனையே செய்யாமல் விட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். செய்து, முடிவையும் பார்த்துவிட்டு, அதை எங்கும் எழுதாமல் விட்டதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

'பாஸ்' என்று வந்தவர்களும் முழுதாக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மூளைக்காய்ச்சலாலோ, கருவிலேயே தொற்றிய வைரஸாலோ பின்னாளிலும் கேட்கும் திறன் குறையலாம். செவி நரம்பில் கோளாறு என்றால் இந்த 'டிக் டிக்' சோதனை அதைப் பிடிக்காது. பெரா போன்ற சோதனைதான் வேண்டும்.

காது மெஷின் வாங்கியதும் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்தோம். குழந்தையின் காது வளர வளர, மெஷினைக் காதில் பொருத்த அளவெடுத்துச் செய்த மோல்டு தளர்ந்து 'கீய்ங்' என்று கத்தும். மறுபடி அளவெடுக்க வேண்டும், மறுபடி அலைச்சல். அப்போதுதான் பக்கத்துத் தெருவில் அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவர் பழக்கமானார். அவருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். எங்களைப் போலவே பலர் அதற்கு முன் காது கேளாத ஒருவரோடு பேசியே இருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் என் மகளைக் கூப்பிடவில்லை. தரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். அவள் திரும்பினாள். பதினான்கு மாதமாக நான் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

சைகை பழகினால் பேச்சு வராது என்று என் கணவர் பயந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. 'இன்னும் வேண்டும்' என்று அவள் கையால் கேட்ட பிறகுதான் வாயாலும் கேட்க ஆரம்பித்தாள். எங்களுக்குச் சைகை மொழி கற்றுத்தந்த அந்தத் தம்பதிக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. இதையே சம்பளம் உள்ள வேலையாக ஏன் வைக்கக்கூடாது?

அந்த அச்சகக்காரரே மருத்துவரிடம் போகும்போது, காது கேட்கும் ஒன்பது வயது மகனை உடன் அழைத்துப் போகிறார். டோக்கன் எண்ணை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவை முதலில் கேட்பவன் அந்தப் பையன். அவன்தான் அதைக் கையால் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். என் மகளும் ஒருநாள் டோக்கனுக்குக் காத்திருக்கும் அந்த நாற்காலிகளில் தனியாகப் போய் உட்காரப்போகிறவள்தானே. குழந்தைகளுக்கு உதவி என்றால் பணம் வருகிறது. அதே குழந்தைகள் வளர்ந்துவிட்டால் யாருக்கும் அக்கறை இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கட்டுரையின் அடியில், சந்தேகங்களுக்கு அழைக்கவும் என்று பெட்டிச் செய்தி போட்டு மூன்று தொலைபேசி எண்கள் கொடுத்திருந்தீர்கள். மூன்றும் பேசுவதற்கு மட்டுமே. அடுத்த முறை குறுஞ்செய்தி அனுப்ப ஓர் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி