மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தாதே

அன்பு மகளுக்கு,

கவுன்சலிங் போவதை விட்டுவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்கு வருத்தமே வரவில்லை. அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் "நல்லதையே நினையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்புகிறவரிடம் காசைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கோபத்தில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற எஸ்சிடலோபிராம் மாத்திரையையும் தூக்கிப் போடப்போகிறேன் என்றாயே, கண்ணு, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறிப் பறந்தும் சில காலம் சோர்ந்து விழுந்தும் மாறுகிற நோய், என்று தெரிந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். முதலில் பார்த்த மருத்துவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், உன் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு, மனநிலையைச் சமமாக வைக்கிற லித்தியம் மருந்தை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும், உடம்பில் நீர் வற்றவிடக் கூடாது, கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கோடையில் கை நடுங்கி, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல், நடையும் தள்ளாடிய பிறகுதான் அளவு ஏறிப்போனது தெரிந்தது. அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. அடுத்து பார்த்த மருத்துவரும் லித்தியத்தைத்தான் கொடுத்தார். அளவைக் குறைத்து, ரத்தம், தைராய்டு, சிறுநீரகம் என்று முறையாகச் சோதித்துக் கொடுத்தார். இன்று நான் வேலைக்குப் போய் வருகிறேன் என்றால் அந்த மருந்தால்தான்.

கவுன்சலிங்கிலும் பிறகு நல்லவர் ஒருவர் அமைந்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. தினமும் எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்று நோட்டில் எழுதச் சொன்னார். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் பறக்கிற நாட்கள்தான் நோய் மறுபடி கிளம்புவதற்கு முதல் அடையாளம் என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

உன் மாத்திரை வேறு வகை. பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பலர் அதற்குள் பொறுமை இழந்து விட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி எல்லாம் வரலாம். நோய்தான் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோவாய். வாழ்நாள் முழுக்கச் சாப்பிடு என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்து.

அவரையும் பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்க உனக்கு உரிமை இருக்கிறது. வாங்கிப் புதியவரிடம் கொடு. பேசுவதற்கு வேறு ஆளைத் தேடும்போது, மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கூச்சப்படாமல் கேள். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் என்னை எழுப்பு. நான் எடுக்கத் தாமதமானால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடு, அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அடுத்து மருத்துவரைப் பார்க்கும் நாளை முன்கூட்டியே சொல். பெங்களூருக்கு ரயில் ஏறி வந்துவிடுகிறேன். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா