முதலில் ஃபியூஸைப் பார்

பெரம்பூர், சென்னை.

அன்புள்ள கார்த்திக்,

நீ அனுப்பிய படமும் "ஸ்கேனர் கனெக்ட் ஆகலம்மா, என்ன பாக்கணும்" என்ற ஒரு வரியும் கிடைத்தன. பொங்கலுக்குப் பிறகு நீயாகக் கேட்ட முதல் கேள்வி, காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுகிற ஓபிடி போர்ட்டைப் பற்றியது என்பதில் எனக்கு வருத்தம் இல்லை; எதையோ கேட்டாயே என்றுதான் இருந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

படத்தில் ஸ்கேனரின் விளக்கு எரியவில்லை. ப்ளூடூத்தில் கோளாறு என்றால் விளக்கு எரியும், கைபேசிக்குத்தான் ஸ்கேனர் தென்படாது. விளக்கே எரியவில்லை என்றால் போர்ட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் இன்னொரு ஸ்கேனரை வாங்கி, அதுவும் பேசாதபோது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பாட்டியின் ரேடியோ நின்றுபோனபோது ஸ்பீக்கரைத் தொடாமல் பவர் சப்ளையை முதலில் பிரித்துப் பார்த்தவன் நீ. தரமணியில் என் மாணவிகளுக்கு அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் இப்போது செயலியை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

போர்ட்டின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ் வரிசையில் 9 முதல் 16 வரையும் பின்கள் இருக்கும். கீழே வலது கோடியில் உள்ள 16ஆம் பின்னுக்குப் பேட்டரி மின்சாரம் வரவேண்டும்; 4, 5 இரண்டும் எர்த். மல்டிமீட்டரை வைத்து 16க்கும் 4க்கும் இடையிலும், பிறகு 16க்கும் 5க்கும் இடையிலும் அளந்து பார். மீட்டரின் முனையை உள்ளே அழுத்தித் திணிக்காதே, பின் அகன்றுவிட்டால் அப்புறம் எந்த ஸ்கேனரும் சரியாகப் பிடிக்காது.

பல கார்களில் 16ஆம் பின்னும் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில்தான் இருக்கும். அப்பாவின் வண்டியும் அப்படித்தான் என்பது திண்டிவனத்தில் அவர் காற்றடிக்கும் பம்பை மாட்டிய அன்றே நமக்குத் தெரியும். ஆகவே முதலில் ஃபியூஸைப் பார். படத்தின் ஓரத்தில் அந்தச் சாக்கெட்டில் ஒரு ஸ்ப்ளிட்டரும், அதிலிருந்து சிறிய கெட்டிலுக்கும் மின்விசிறிக்கும் கைபேசிக்கும் போகும் வயர்களும் தெரிகின்றன. கெட்டில் 150 வாட் என்றால் 12 வோல்ட்டில் அது மட்டுமே 12.5 ஆம்பியர் இழுக்கும். மற்ற இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியர் ஃபியூஸ் எரியாமல் என்ன செய்யும்? வீட்டில் அடுப்பு இருக்கும்போது காரில் வெந்நீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பின் சீட்டில் இருக்கும் தலையணைக்கு உறை தைத்தவள் நான்தான். அதற்கும் போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் மின்விசிறியை ஓடவிட்டால் பேட்டரியும் இறங்கிவிடும். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அந்த நிலையில் ஃபியூஸை மாற்றினாலும் ஸ்கேனர் தொடர்பு பிடிப்பதும் விடுவதுமாக இருக்கலாம். ஆனால் பேட்டரி ஏறட்டும் என்று அந்த அடித்தளப் பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காராதே. ஸ்கேனர் பேசுவதற்கு இக்னிஷன் ஆனில் இருந்தால் போதும், எஞ்சின் ஓடவேண்டியது இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவனை அது எழுப்பாது.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் 16இல் மின்சாரம் இல்லை என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் வண்டி நின்றதை நினைத்துக்கொள். கால்மிதி வரை ஏறிய தண்ணீர் வயர் இணைப்புகளில் பச்சைப் பாசி போலச் செம்புக் களிம்பை விட்டுப் போயிருக்கும். எர்த் இணைப்புகளைக் கழற்றித் துடைக்க வேண்டும். ரிச்சி தெருவில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும்.

விளக்கு எரிந்தும் இசியூ பதில் சொல்லவில்லை என்றால் அது வேறு கதை. 2014 வண்டி என்பதால் ஓபிடி 2 இருக்கும், 2013 ஏப்ரலிலேயே அது கட்டாயமாகிவிட்டது. இசியூவும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளும் வழி வண்டிக்கு வண்டி மாறும்: 6, 14 ஆகிய பின்களில் உலோகம் இருந்தால் கேன், 7இல் மட்டும் இருந்தால் கே-லைன். கேன் என்றால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் இடையே அளந்து பார். 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எங்கோ ஷார்ட். கே-லைன் என்றால் சந்தேகத்தை முதலில் ஸ்கேனர் மேல் வை. ஈஎல்எம்327 என்ற சிப்பின் மலிவான நகலை வைத்துச் செய்த ஸ்கேனர்களில் சில அதைப் பேசுவதே இல்லை.

இங்கே சொல்லும்படியாக எதுவும் இல்லை. வித்யா பேசினாள், உனக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்றாள். நானும் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே உட்காராதே என்று மறுபடியும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம். மீட்டருக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன், மாடி அறையையும் பெருக்கி வைத்திருக்கிறேன். எஞ்சின் செக் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வரலாம். மினுக்கினால் எஞ்சின் மிஸ் ஆகிறது என்று அர்த்தம், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நீ மட்டும் பஸ்ஸில் வா.

அன்புடன்,
அம்மா

பி.கு.: 15 ஆம்பியர் ஃபியூஸ் நீல நிறத்தில் இருக்கும். அது எரிகிறதே என்று 20 ஆம்பியர் மஞ்சளைப் போட்டுவிடாதே, வயர் எரிந்துவிடும்.