விசைப்பலகையைத் தொடாமல் உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார், மதிப்புக்குரிய ஆசிரியர்கள் எல்லோருக்கும்,

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் நடத்திய கணினிச் செயலமர்வு நல்லபடியாக நிறைவேறியது. ஆய்வு செய்பவர்களுக்கு அடிப்படையான வேலைகளைக் கைப்பழக்கமாக்குவதுதான் நோக்கம்: தரவை ஒழுங்காகச் சேமிப்பது, ஆர் (R) என்ற நிரல்மொழியில் அதை வாசித்து வரைபடம் கீறுவது, செய்த மாற்றங்களை கிற் (Git) என்ற மென்பொருள் மூலம் பதிந்து வைப்பது. படிப்பித்தவர்கள் ஒருவரும் சம்பளம் வாங்கவில்லை. வந்தவர்களிடமும் கட்டணம் வாங்கவில்லை. அப்படியொரு சனி ஞாயிறு நடக்க எத்தனை பேர் தங்கள் வீட்டு வேலையைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை அருகில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, உதவியாளர்களாக நின்ற கணினி விஞ்ஞான மாணவர்களுக்கு. முன்னால் நின்று படிப்பித்தவர்களை எல்லோரும் கவனித்தார்கள். கதிரைகளுக்குப் பின்னால் நின்ற உங்களை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. படிக்க வந்தவரின் விசைப்பலகையை உதவியாளர் தொடக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தோம். சொல்வது சுலபம். ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டு ஒருவர் திணறும்போது, பிழை எங்கே என்று உங்களுக்கு உடனே தெரியும். கையை நீட்டினால் அடுத்த நொடி சரி. நீங்கள் கையை நீட்டவில்லை. பக்கத்தில் குனிந்து, "அக்கா, இந்த வரியில திறந்த அடைப்பு எங்க மூடுது, ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். அந்த அக்கா தானே கண்டுபிடித்தார். திங்கட்கிழமை அவர் தன் பீடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பின்னால் நிற்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். நீங்கள் பொறுத்திருந்த அந்த நேரம் அப்போது அவருக்குக் கைகொடுக்கும்.

இரண்டு நிற ஒட்டுத்தாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முடித்துவிட்டால் பச்சை, உதவி வேண்டுமென்றால் சிவப்பு, மடிகணினியின் மேல் ஒட்டவேண்டும். எங்கள் ஊரில் இது மிகவும் தேவை. தன் மேற்பார்வையாளர் அடுத்த கதிரையில் இருக்கும்போது "விளங்கவில்லை" என்று கையுயர்த்த எந்த மாணவிக்கும் மனம் வராது. தாளை ஒட்டுவதற்கு வாய் திறக்கத் தேவையில்லை. ஓய்வுக்குக் கிட்ட நிற்கும் மூத்த விரிவுரையாளர் ஒருவர்தான் முதலில் சிவப்பை ஒட்டினார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் தயங்கவில்லை. சேர், அதற்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இந்த முறைகள் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1998இல் கிரெக் வில்சனும் பிரென்ற் கோர்டாவும் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் தேசிய ஆய்வுகூடத்தில் விஞ்ஞானிகளுக்காகத் தொடங்கிய சொஃப்ட்வெயார் கார்பென்ட்ரி என்ற பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தவை. பிறகு டேட்டா கார்பென்ட்ரியும் உருவாகி, 2018இல் இரண்டும் த கார்பென்ட்ரீஸ் என்ற ஒரே அமைப்பாகின. பாடங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொன்னால் போதும். எங்களை அறியாமலேயே எங்களுக்காக எழுதித் திருத்திவரும் அந்தத் தன்னார்வலர்களுக்கும் நன்றி. அவர்களுடைய பயிற்சித் தரவில் 1952 தொடக்கம் 2007 வரை நாடுகளின் ஆயுள் எதிர்பார்ப்பு இருக்கிறது. இலங்கையின் கோடு 57இல் தொடங்கி 72க்கு ஏறியதைத் திரையில் பார்த்ததும் மண்டபமே கலகலத்தது. போர்க்காலத்தில் அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று தேடிப் பார்க்காதவர்கள் இல்லை.

அப்புறம் அவரவர் சொந்தத் தரவுக்கு வந்தோம். உண்மையான வேலை அங்கேதான் இருந்தது. கிணற்று நீர் மாதிரிகளுக்கு 3-5, 4-7 என்று இலக்கமிட்டு வைத்திருந்த ஒருவரின் எக்செல் அவற்றைத் திகதிகளாக மாற்றியிருந்தது. உலகம் முழுவதும் உள்ள தொல்லை இது. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே, எக்செல் திகதியாக்கிவிடும் பெயர்களை மாற்றிக்கொண்டு 2020இல் அதற்கான வழிகாட்டலை வெளியிட்டது. சுன்னாகம், நீர்வேலி போன்ற ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகக் கிடந்ததை, தரவைச் சீராக்கும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள் ஒன்றுசேர்த்துக் காட்டியபோது, பல வாரங்கள் கையால் திருத்திய ஒரு தங்கச்சி கண்கலங்கினார்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நேர்காணல்களைப் பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தவரின் கோப்பை ஆர் மொழியில் திறந்தால் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வந்தன. பாமினி தமிழை அப்படித்தான் சேமிக்கிறது. முழுக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றினால் இடையில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் குலைந்துபோகும். ஒரு தம்பி அன்றிரவே உட்கார்ந்து, தமிழ் உள்ள நெடுவரிசைகளை மட்டும் மாற்றும் சிறிய கணினி நிரலொன்றை எழுதிக் காலையில் கொண்டுவந்தார். அதிலும் அவர் கோப்பைத் திருத்திக் கொடுக்கவில்லை. உரியவரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வரியாக அவரையே ஓட்டவைத்தார். தம்பி, அந்த நேர்காணல்களைத் தந்த மக்களின் சார்பிலும் உங்களுக்கு நன்றி. அவர்கள் சொன்னவை இனிக் காணாமல் போகா.

ஆய்வுகூடத்தை விடியவே திறந்து மின்கம்பிகளை இழுத்துத் தந்த ஐயாவுக்கு, மடிகணினி இல்லாதவர்களுக்குத் தங்களுடையதை இரவல் தந்தவர்களுக்கு, கிளிநொச்சியிலிருந்து விவசாய பீட மாணவர்களை ஏற்றி இறக்கிய வான்காரருக்கு, தேத்தண்ணியும் வடையும் நேரம் தவறாமல் அனுப்பிய அன்ரிக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பங்குபற்ற வழிவிட்ட அம்மம்மாமாருக்கும் கணவன்மாருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில், சொந்தக்காரர் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்களுக்குப் படிப்பித்த லண்டன் அக்காவை மறக்கமாட்டோம்.

கிளிநொச்சியிலும் இப்படி ஒன்று வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். இம்முறை படிக்க வந்தவர்களில் சிலர் அங்கே உதவியாளர்களாக நிற்கத் தாங்களாகவே பெயர் தந்துவிட்டார்கள். நேரம் உள்ள மற்றவர்களும் சொல்லுங்கள். இரவல் தந்தவர்களுடைய சார்ஜர்கள் சில எங்களிடம் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்
யாழ்ப்பாணம்