செயின்ட் ஜார்ஜஸ் கரையில் பயணிகளை இறக்கும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு

வணக்கம்.

கரீபியன் தீவான கிரெனடாவில் கப்பல் நின்றதும் நீங்கள் போடும் பயணத்திட்டம் பெரும்பாலும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில்தான் போய் முடிகிறது. அருமையான கடற்கரை, மறுக்கவில்லை. ஆனால் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸை வேன் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. ஜார்ஜ் கோட்டையில் மட்டும் துறைமுகத்தைப் படம் பிடிக்கக் கொஞ்ச நேரம் தருகிறீர்கள். அந்தக் கோட்டைக்காகத்தான் இந்த மடல்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது, ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் தங்கள் மன்னர் பெயரை வைத்தார்கள் என்று வழிகாட்டி சொல்வார். 1979 புரட்சிக்குப் பிறகு அது ரூபர்ட் கோட்டையாக இருந்ததையும் சொல்லச் சொல்லுங்கள். ரூபர்ட், அந்தப் புரட்சியை நடத்திப் பிரதமரான மாரிஸ் பிஷப்பின் தகப்பனார். புரட்சியில் பின்னர் கவிழ்ந்த எரிக் கெய்ரி ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில், 1974 ஜனவரியில், கீழே காரினேஜ் துறைமுகக் கரையில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. 1983 அக்டோபர் 19 அன்று, உட்கட்சிச் சண்டையால் வீட்டுக்காவலில் இருந்த மகனை மக்கள் மீட்டு நேரே இந்தக் கோட்டைக்கு அழைத்து வந்தார்கள். பின்னாலேயே ராணுவம் வந்தது. அப்பா பெயர் தாங்கிய கோட்டையின் முற்றத்தில், சுவரோரம் நிறுத்தி மகனையும் உடனிருந்த ஏழு பேரையும் சுட்டார்கள். கல்வி அமைச்சராக இருந்த ஜாக்குலின் கிரெஃப்ட் அவர்களில் ஒருவர். பிஷப்பின் உடல் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. ஆறாம் நாள் அமெரிக்கப் படை வந்திறங்கியது.

அதே முற்றத்தில் செல்ஃபி எடுப்பவருக்கு இது தெரியவில்லை என்றால், குறை அவர்மேல் இல்லை.

ரிச்மண்ட் மேட்டிலுள்ள ஃபிரெடெரிக் கோட்டையில் பீரங்கிகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். 1779-இல் தரைவழியாகப் பின்பக்கம் வந்து ஆங்கிலேயரிடமிருந்து ஊரைப் பிடித்து, இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர்களுக்கு, அடுத்தவனும் அப்படியே வந்துவிடுவானோ என்ற பயம்!

உங்கள் தொழிலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய கடன் உண்டு. 1961 அக்டோபரில் பியான்கா சி என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்தது. கிடைத்த படகுகளில் ஏறிப் போய் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வீடுகளில் தங்கவைத்துச் சாப்பாடும் போட்டார்கள். நன்றிக்கடனாகக் கப்பல் நிறுவனம் தந்த, கைகளை உயர்த்திய இயேசு சிலை காரினேஜில் நிற்கிறது.

நான் கேட்பது நடந்து பார்க்க அரை நாள். கப்பல்துறையிலிருந்து செண்டால் சுரங்கப்பாதை வழியே காரினேஜுக்குப் போகலாம். 1890-களில் குன்றைக் குடைந்து போட்ட குறுகிய பாதை; காரும் ஆளும் உரசிக்கொண்டுதான் போகவேண்டும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிலையைப் பார்த்துவிட்டுக் கோட்டை ஏறட்டும். அப்புறம் சந்தைச் சதுக்கம். சாதிக்காயும் சாதிபத்திரியும் அங்கே விற்கும் பெண்களிடமே வாங்கட்டும், உங்கள் வேன் நிற்கும் கடையில் வேண்டாம்.

கடற்கரைக்கு மதியத்துக்கு மேல் போய்க்கொள்ளலாம்.